முனிரத்தினத்தின் டிராக்டருக்கு நான் செய்த நான்கு போல்ட்டுகள்

இந்த வருஷம் திருப்பதி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் மூன்று பெண்கள் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் படித்தபோது அந்த வகுப்பில் நான் ஒருத்திதான். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். பையன்கள் படித்தாலும் கெட்டுப்போகாது.

1. துண்டில் முடிந்து வந்தவை

எழுபதுகளின் கடைசி. சித்தூரில் ஒரு லேத் பட்டறையில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முந்தின நாள் நல்ல மழை. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் சிறு சிறு வட்டங்களாக இறங்கி, தரையில் கிடந்த இரும்புச் சுருள்களின் மேல் நின்றிருந்தது. அந்த நேரத்தில் முனிரத்தினம் உள்ளே வந்து, துண்டின் முடிச்சை அவிழ்த்து என் பெஞ்ச் மேல் கொட்டினார். மூன்று போல்ட் தலைகள், இரண்டு வால்கள். எல்லாம் உடைந்தவை.

"தோட்ட டிராக்டர் போல்ட்டும்மா. கடைத்தெரு முழுக்க சுத்திட்டேன். ஒண்ணும் சேரல."

அவர் குடிபாலா பக்கத்துக் கிராமத்துக்காரர். கிறிஸ்தவ மிஷன் பழத்தோட்டத்தில் இருபது வருஷம் வேலை செய்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த சின்ன டிராக்டர் ஒன்று அங்கே இருந்தது. பின்னால் நடந்துகொண்டே ஓட்டுவது. மண்ணைக் கிளறும் சுழல் பிளேடுகள் பின்பக்கம். தோட்டத்தை மூடியபோது அதை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். செய்த கம்பெனி எப்போதோ போய்விட்டது. ஸ்பேர் என்ற பேச்சே இல்லை.

நான் மரை கேஜை வைத்துப் பார்த்தேன். மூன்றெட்டு இஞ்ச் தடிமன், அதாவது இஞ்சில் எட்டில் மூன்று பங்கு. கடைத்தெருவில் அந்தத் தடிமனில் கிடைப்பதற்கு இஞ்சுக்குப் பதினாறு மரை. இதற்கு இருபத்துநாலு.

"எப்போ வேணும்ணே?"

"இன்னிக்கு. நேத்து பேஞ்ச மழை ஈரம் இன்னா, நாலு நாள் தாங்குமா? அதுக்குள்ள ஓட்டி மல்லாட்ட போட்டாவணும். குத்தகைக்கு எடுத்துக்கீறேன். எங்க வூட்ல இதுக்கு முன்னாடி எவனும் தனக்குன்னு வெதைச்சதே இல்ல. இந்த மழைய வுட்டா நெலத்துக்காரரு வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு."

"நிலக்கடலை போட ஏர் மாடு கிடைக்காதா?"

"மாடு வெச்சிக்கிறவன் தன் நெலத்த முடிச்சிட்டுதாம்மா எனக்கு வருவான். அவன் வரச்சொல்ல மண்ணு ஓடாட்டம் ஆயிடும்."

பட்டறை முதலாளியை நாங்கள் பாஸ்கர் சார் என்போம். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் எல்லாம் கலந்து. அவர் உடைந்த தலையொன்றை எடுத்து அலட்சியமாகத் திருப்பினார். "ஏமய்யா இது, வெல்லக்கட்டி மாதிரி இரும்பு! நம்ம ஆக்ஸில்ல போட்டுத் தரோம். டிராக்டர் தூளானாலும் போல்ட் நிக்கும்."

2. ஆக்ஸில் இரும்பு

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சித்தூர் லாரிகள் ஓடும் ஊர். கழித்துப் போட்ட லாரி ஆக்ஸில்கள் மலிந்து கிடக்கும். அதைவிட நல்ல இரும்பு எங்களுக்குக் கிடைக்காது. சிவக்கக் காய்ச்சி, உமிச் சாம்பலில் புதைத்து, மெல்ல ஆறவிட்டால் லேத்தில் வெட்ட வரும். வெட்டி முடித்ததும் மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கினால் பழைய வீரம் திரும்பும். எங்கள் பட்டறையில் யார் என்ன போல்ட் கேட்டாலும் ஆக்ஸில்தான். கரும்பு ஆலைக்கும் அதுதான், மாட்டு வண்டிக்கும் அதுதான். உடையாத போல்ட் என்பதே எங்கள் பெயர்.

உடைந்த துண்டுகளை நானும் பார்த்தேன். மூன்றிலும் உடைந்த இடத்தில் கழுத்து மெலிந்திருந்தது. பாலிடெக்னிக் லேபில் இரும்புக் கம்பியை மெஷினில் இழுத்து உடைத்துக் காட்டுவார்கள். மென்மையான கம்பி உடைவதற்கு முன் ஒரு இடத்தில் கழுத்து மெலியும். அதற்குப் பெயர் நெக்கிங். பரீட்சையில் அதற்குப் படம் போட்டு முழு மார்க் வாங்கியவள் நான். எனவே ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மட்டமான இரும்பு, இழுபட்டு, மெலிந்து, உடைந்திருக்கிறது. நான் கழுத்து மெலியாத போல்ட்டாகச் செய்துவிடுகிறேன்.

நான்கு போல்ட் செய்தேன். மரை வெட்டும் வேலை எனக்கு எப்போதும் பிடிக்கும். லேத்தின் திரெட் டயல் மெதுவாகச் சுற்றும். கோடு நேரே வரும் கணத்தில் கைப்பிடியை அழுத்த வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. அழுத்தியதும் டூல் தானாகவே போன தடத்தில் போகும். மீண்டும் பின்னுக்கு இழுத்து, மீண்டும் கோட்டுக்காகக் காத்திருப்பது. ஒரு போல்ட்டுக்கு இப்படிப் பன்னிரண்டு தடவை. கட்டிங் ஆயில் புகை வெயில் வட்டங்களுக்குள் நுழைந்து நீலமாகி வெளியேறும். திருப்பதி ஹாஸ்டல் ஜன்னலில் மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் நினைவுக்கு வரும். கைக்கு வேலை இருக்கும். மனம் எங்கோ மிதக்கும். அன்று மதியம் முழுவதும் அப்படித்தான் போயிற்று.

முனிரத்தினம் நான்கையும் உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "பொண்ணுக்குப் போடுற தோடாட்டம் கீது" என்று சிரித்தார். பஸ்ஸுக்கு ஓடினார்.

3. கழுத்தில் இருந்த கோடுகள்

சனிக்கிழமை சாயங்காலம் பெஞ்சைச் சுத்தம் செய்வது என் வழக்கம். எதையும் அளந்து குறித்த பிறகுதான் குப்பைக்குப் போடுவேன். அந்த மூன்று தலைகளையும் வரிசையாக வைத்து நோட்டில் எழுதினேன்.

ஒன்று: தலைக்குக் கீழே மூன்றெட்டு இஞ்சில் உடைந்தது. கழுத்துத் தடிமன் கால் இஞ்ச்.
இரண்டு: அதே இடம். அதே கால் இஞ்ச்.
மூன்று:

மூன்றாவதுக்கு எதிரே எழுதாமல் நின்றுவிட்டேன். இழுபட்டு மெலிந்த கழுத்து ஒருபோதும் ஒரே அளவாக இருக்காது. துண்டைச் சாய்ந்த வெயிலில் திருப்பிப் பிடித்தேன். மெலிந்த பகுதியைச் சுற்றி மயிரிழையாகக் கோடுகள் தெரிந்தன. டூல் போன கோடுகள். யாரோ ஒருவர், ஏதோ ஒரு தேசத்தில், ஒரு லேத் முன்னால் நின்று, அளந்து, வேண்டுமென்றே அந்தக் கழுத்தை மெலிய வைத்திருக்கிறார்.

இந்தப் போல்ட் வழியாகத்தான் எஞ்சினின் சுழற்சி பிளேடுகளுக்குப் போகிறது. பிளேடு கல்லில் மாட்டும்போது ஏதாவது ஒன்று உடைந்துதான் ஆக வேண்டும். அந்த ஆள் போல்ட்டை உடையச் சொல்லியிருக்கிறார். நான் அதை உடையாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். போல்ட் உடையவில்லை என்றால் அடுத்து உடைவது உள்ளே இருக்கும் கியர். அதற்கு மாற்று இந்த நாட்டிலேயே கிடையாது.

பாஸ்கர் சாரிடம் சொன்னேன். அவர் நோட்டைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"சூடம்மா, இங்க பாரு, அவன் கேட்டது போல்ட். கொடுத்தது நல்ல போல்ட். கல்லுல மோதினா யார் பொறுப்பு? நீ போயி ஏதாச்சும் சொல்லி, பட்டறை பேரைக் கெடுக்காத."

"சொல்லலன்னா அவர் தெரியாம ஓட்டிக்கினே இருப்பார் சார்."

"சரேலே, உன் இஷ்டம். நான் சொல்றத சொல்லிட்டேன்" என்று எழுந்து போனார். லேத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சாதாரண எம்.எஸ். என்னும் மென்மையான இரும்பு ராடில், கால் இஞ்ச் கழுத்துடன் ஆறு போல்ட் வெட்டினேன். அன்றைக்கு டயல் சுற்றியதுபோலவே தெரியவில்லை.

4. ஞாயிற்றுக்கிழமை

கோவில் ஆராதனை முடிந்ததும், உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையோடு வேலூர் பஸ் ஏறினேன். பையில் பைபிள், தடிமன் அளக்கும் வெர்னியர், ஆறு போல்ட். ஈரச் செம்மண் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. எங்கே பார்த்தாலும் ஏர். டிராக்டர் சத்தம் கேட்கிறதா என்று ஜன்னலில் காதை வைத்தே போனேன். இறங்கிக் கழனி வரை நடந்தும் கேட்கவில்லை.

டிராக்டர் வயல் நடுவில் நின்றிருந்தது. முனிரத்தினம் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வள்ளியம்மா விதைக்கூடையை மடியில் வைத்திருந்தார்.

"வாங்க இஞ்சினீரம்மா" என்றார் வள்ளியம்மா. "போல்ட்டு உடையவே இல்ல. வண்டிதான் உடைஞ்சி போச்சி."

"சும்மா கெட" என்றார் முனிரத்தினம். "என் தப்பும்மா. ரெண்டு நாளா நிக்காம ஓடிச்சா, நானும் கல்லு மண்ணு பாக்காம அட்ச்சிக்கினு போனேன். காலைல படார்னு ஒரு சத்தம். அப்பால டக்கு டக்குன்னுது. நிறுத்திட்டேன்."

பாஸ்கர் சார் சொன்னது அந்த நேரத்தில் எவ்வளவு சுலபமாக இருந்தது! முனிரத்தினமே பழியை எடுத்துக்கொண்டுவிட்டார். நான் தலையாட்டினால் போதும்.

"உங்க தப்பு இல்லண்ணே. என் தப்பு" என்றேன். உடைந்த தலையை எடுத்துக் காட்டி, கழுத்தையும் கோடுகளையும் சொன்னேன். அவர் அதை வாங்கிக் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ இது உடையறதுக்குன்னே செஞ்சதா?"

"ஆமாண்ணே."

"அடப்பாவி, இத எத்தினி தபா திட்டிக்கீறேன்!" பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதான் தோட்டத்து வெள்ளக்கார தொர கோவிச்சிக்கவே மாட்டாரு. உடைஞ்சா ஒரு டப்பாவுலேர்ந்து இன்னொண்ணு எடுத்துப் போடுவாரு. டப்பா தீந்துபோச்சி. ஏன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல."

வள்ளியம்மா மட்டும் விடவில்லை. "படிச்ச பொண்ணுன்னு சொல்லி வாங்கியாந்த. படிச்சி இன்னா?" நான் பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்பானரைக் கேட்டேன். 

கியர் பெட்டியின் மூடியைக் கழற்றினோம். ஒரே ஒரு பல் பாதி போயிருந்தது. உடைந்த துண்டு உள்ளே இருந்தால் மற்ற பற்களையும் தின்றுவிடும். எண்ணெயைப் பழைய துணியில் வடிகட்டித் தேடினோம். கிடைத்த துண்டுகளை ஒரு தேக்கு இலைமேல் பல்லின் உருவத்துக்குச் சேர்த்து வைத்தேன். ஒரு மூலை குறைந்தது. கெரசின் ஊற்றி மறுபடி கழுவினோம். மூன்றாவது தடவை, கடுகளவுத் துண்டு வள்ளியம்மா விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவரே இலையில் வைத்தார். பல் முழுசாயிற்று.

பிளேடு தீட்டும் அரத்தால் மீதிப் பல்லின் கூர்முனையை மழுக்கினேன். அடிபட்ட கியர் இனி முன்போல் தாங்காது. எனவே நான் கொண்டுபோன ஆறு போல்ட்டின் கழுத்தையும் அரத்தால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, வெர்னியரில் பார்த்துப் பார்த்து, கால் இஞ்சை அதன் முக்காலாக்கினேன். ஒரு போல்ட்டைப் பலவீனப்படுத்த நான் இவ்வளவு கவனமாக உழைத்தது அதுதான் முதல் தடவை.

மீதி அரை ஏக்கர். வண்டி கிளம்பியது. அவர் முன்னால் ஓட்ட, வள்ளியம்மா பின்னால் விதை போட்டுக்கொண்டு வந்தார். நான் ஸ்பானரோடு வரப்பில். முதல் போல்ட் கால் மணி நேரத்தில் உடைந்தது.

"செத்துச்சு ஒண்ணு!" என்று அவர் கத்தினார். நான் ஓடினேன். கல்லை எடுத்து வரப்பில் வீசினோம், புதியதைப் போட்டோம். இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு முறை உடையும்போதும் மூடிக்குள் கியர் பத்திரமாக இருந்தது. நான்காவது உடைந்தபோது வள்ளியம்மாவே "நல்லா உடைஞ்சுது" என்றார். கிண்டலா என்று தெரியவில்லை.

ஆறாவதும் உடைந்தபோது இன்னும் இரண்டு சால் பாக்கி. வெயில் மஞ்சளாகியிருந்தது.  முனிரத்தினம் மண்வெட்டியை எடுத்தார். வள்ளியம்மா இன்னொன்றை எடுத்து, ஒரு கணம் என் சேலையைப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார். கடைசி இரண்டு சால்களையும் நாங்கள் கையால் கொத்தினோம். வெள்ளைச் சேலையின் செம்மண் கறை பிறகு எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

5. அதன் பிறகு

மல்லாட்டை முளைத்தது. நிலம் அவரிடமே நின்றது. பட்டறையில் நான் நடந்ததைச் சொன்னபோது பாஸ்கர் சார் "நீ எப்படியும் சொல்லுவேன்னு தெரியும்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு யாராவது போல்ட் கேட்டு வந்தால், "அம்மாயிகிட்ட காட்டு" என்று, தெலுங்கில் பெண் என்ற பொருளில், என் பக்கம் கைகாட்டுவார்.

நான் இரண்டு பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். உடைந்த துண்டை அளந்து முடிக்கும் வரை புது ராடை லேத்தின் சக்கில் மாட்டுவதில்லை. "இது எங்கே உடைந்தது?" என்று கேட்பதோடு, "இது உடைந்தபோது வேறு எதெல்லாம் உடையாமல் இருந்தது?" என்றும் கேட்பேன். வந்தவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். யோசித்துப் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில்தான் போல்ட்டின் வேலை என்னவென்று தெரியும்.

வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், முனிரத்தினம் அந்த டிராக்டரையே ஓட்டிக்கொண்டு இரண்டு டஜன் போல்ட் வாங்க வருவார். தெருமுனையில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். கியர் ஒரு சுற்று சுற்ற, டக். இன்னொரு சுற்று, டக்.

"கேக்குதா?" என்பார் வண்டியை நிறுத்திக்கொண்டே. "வூர்ல கேட்டா, சித்தூர் இஞ்சினீரம்மா கையெழுத்துன்னு சொல்றேன்."

கேட்கிறது. லேத் ஓடிக்கொண்டிருந்தாலும், எந்த வேலையில் இருந்தாலும் கேட்கிறது. அந்தப் பல் இல்லாத இடம் வந்துபோகும் வரை நின்றுவிட்டு, பிறகுதான் அடுத்த போல்ட்டை அளக்கிறேன்.