அறிவிப்பாளரின் கைவீச்சு

நாற்பதைத் தாண்டியவர்களை நடக்க வைக்கும் பிரச்சாரத்தில் அடிக்கணக்குப் பட்டியல் என் பொறுப்பு. அவர் அறிவிப்பாளர். பெரிய தொந்தி, தோளில் ஈரத்துண்டு. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஆட்டோவில் உட்கார்ந்தபடியே, "நடங்க, நோய் கிட்ட வராது" என்று மைக்கில் முழங்குவார். சொல்லுக்குச் சொல் கையை வீசுவார். அடிகளை எண்ணும் பட்டையும் அந்தக் கையில்தான் இருந்தது.

மாத முடிவில் அதிக அடி நடந்தவருக்குப் பரிசு. அவரே முதலிடம். பட்டியலில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கடலூர் முதுநகரில் ஆட்டோவை நிறுத்திக் கேட்டேன்.

"அண்ணே, இதுல நீங்க நடந்தது எவ்ளோ?"

"டீக்கடைக்குப் போனதும்மா. பாதி நாளு டீயே ஆட்டோவுக்கு வந்துடும்."

"அப்ப ஒங்க பேர எடுத்துடறேன்."

"எடும்மா. ரெண்டாவது யாரு?"

"நம்ம அதிகாரி."

"அவரு பட்டை வீட்டு நாய் கழுத்துல கெடக்குது. பரிச நாய்க்கே குடுத்துடு. அதுவாச்சும் நடந்துச்சு."

அறிவிப்பாளர் பெயரை எடுக்காமல் அப்படியே விட்டுக் கையெழுத்திட்டேன்.

பரிசு நடைக் காலணி. அதை வாங்க அவர் மேடையின் ஏழு படிகளையும் ஏறினார், நடுவே இரண்டு முறை நின்று மூச்சு வாங்கியபடி. அந்த மாதம் நான் கண்ணால் பார்த்து எண்ணிய அடிகள் அவை மட்டுமே.