மைக்கக்காவின் இடுப்பு வலி

எங்கள் பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவோம். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று மாடியறையிலிருந்து நாள் முழுக்க அறிவிப்பவள். நிலையமே அவள் குரலைக் கேட்கும். அவளிடம் பேசத்தான் ஆள் கிடையாது. கணவர் இங்கேயே ஓட்டுநர், தொலைதூர வண்டி. அவர் வீடு வந்து சேரும்போது இவள் வேலையில் இருப்பாள். இவள் வீடு திரும்பும்போது அவர் பாதி வழியில் இருப்பார். என்ன குடித்தனமோ, போங்கள்.

இப்போது வயிற்றில் ஏழு மாதம். உட்கார்ந்தே வேலை பார்த்ததில் முதுகையும் இடுப்பெலும்பையும் வலி பின்னியெடுத்தது. படியேறுமுன் என் தண்ணீர்க் கடையோரம் நின்று மூச்சு வாங்குவாள். "எப்படிம்மா இருக்கே?" என்றால், "எனக்கென்னண்ணே, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாள்.

கணவரிடமும் அதே கதைதான். முன்பொரு முறை இவளுக்குக் காய்ச்சல் என்று கேட்டதும், கிளம்ப வேண்டிய வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு அந்த மனிதர் இறங்கி ஓடிவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் வலியைப் பற்றி இவள் மூச்சுவிடவில்லை.

அன்று மாலை அவர் வண்டி மூன்றாவது நடைமேடையில் ஆள் நிறைந்து நின்றது. கிளம்பும் அறிவிப்பைச் சொன்ன மைக்கக்கா, மைக்கை அணைக்க மறந்துவிட்டாள்.

ஒலிபெருக்கியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சுவத்துல சாஞ்சுக்கோ. முழங்காலை லேசா மடக்கு. மூச்சை விட்டுக்கிட்டே இடுப்பை சுவத்தோட அழுத்து. ம்... இன்னும் கொஞ்சம்." பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்ததைத் தனக்குத்தானே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சில விடலைகள் சிரித்தார்கள். ஒரு பயணி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் தானும் இடுப்பை நிமிர்த்திப் பார்த்தார்.

"இப்போ மேஜையில கையை ஊனிக்கோ. பூனை மாதிரி முதுகைத் தூக்கு." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். "அப்புறம் யாராவது பின்னால நின்னு ரெண்டு பக்கமும் உள்ளங்கையால அழுத்தி விடணுமாம். அந்த யாராவதுக்கு நான் எங்க போறது? உங்கப்பாகிட்ட வலிக்குதுன்னா ஓடி வந்துடுவாரு, அதான் பயம். நீயாவது சீக்கிரம் வந்துடு கண்ணு. பேச ஆளில்லாம கெடக்கேன்."

சிரித்தவர்கள் மெல்ல நகர்ந்து போனார்கள்.

மூன்றாவது நடைமேடையில் எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. ஓட்டுநர் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரக்காப்பாளர் விசில் மேல் விசிலாக ஊதினார். ஓட்டுநர் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தார். நான் விழுந்தடித்துப் படியேறி, "மைக் ஓடுதும்மா, அவரு இறங்குறாரு" என்றேன்.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வரச்சொல்லித் தலையசைத்திருந்தால் போதும், வந்திருப்பார். அவளுக்கு அந்தக் கை வேண்டித்தான் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. உட்கார்ந்து மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"மூன்றாவது நடைமேடையிலுள்ள தொலைதூரப் பேருந்து உடனே புறப்படும். ஓட்டுநர் இருக்கையில் அமரவும்."

குரல் பிசகவில்லை. இந்தத் தடவை மறக்காமல் மைக்கை அணைத்தாள். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது.

"திரும்பிப் பார்த்தாராண்ணே? எனக்குக் கண்ணு மறைக்குது."

"பார்த்தாரும்மா" என்றேன்.

அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவரால் ஓட்டியிருக்க முடியாது.