அப்பா சொன்ன பாதி

இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக் குடித்த அந்தக் காலை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பக்கத்து வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே நர்சம்மா கொலையுண்டு கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம்தான் மதில் வழியாகக் கையை நீட்டி என்னிடம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போனார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வேலை செய்யத் தொடங்கி, எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் ஊருக்குள் வந்துகொண்டிருந்தார்கள். நான் பெண்கள் கல்லூரியில் கடைசி வருடம். அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நாசரேத்துப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயில், வாயில் பொய் வராது என்று பேர். அதனால்தான் இன்ஸ்பெக்டர் முதலில் எங்கள் வீட்டுப் படி ஏறினார்.

நர்சம்மா கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் பகுதியில் பிரசவம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என்னையும் முதலில் கையில் வாங்கியவர் அவர்தான். கழுத்துச் சங்கிலி கழுத்திலேயே இருந்தது, பீரோ திறக்கப்படவில்லை. அதுதான் எல்லோரையும் அதிகமாகப் பயமுறுத்தியது. திருடன் என்றால் எங்கோ வெளியூர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கலாம். எதையும் எடுக்காமல் போனவன் நம் நடுவிலேயே இருக்கிறவனாகத்தானே இருப்பான்?

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா சார்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அப்பா சற்று யோசித்தார். பிறகு, கடற்கரைக் குடியிருப்பில் இருந்த சங்குகுளிக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதரின் மனைவி போன வருடம் நர்சம்மா கையில் பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அடக்கம் முடிந்த அன்று அவர் நர்சம்மா வீட்டு வாசலில் நின்று, “உன்னச் சும்மா விட மாட்டேன்” என்று தெருவே கேட்கக் கத்தினார். அப்பா அதை அப்படியே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

இன்ஸ்பெக்டர் போன பிறகு அம்மா காப்பித் தம்ளரை எடுக்க வந்தவள் அங்கேயே நின்றாள். “அவன் பொறவு வந்து அழுதத நீங்க சொல்லலியே?”

“அவரு கேக்கலியே” என்றார் அப்பா.

அம்மா சொன்னது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அப்படிக் கத்திவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். அந்த மனிதர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நர்சம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்து, தப்பாகப் பேசிவிட்டேன் என்று தேம்பித் தேம்பி அழுதார். நர்சம்மாவும் அழுதார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, பால் எப்படிக் கரைப்பது, எவ்வளவு கொடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போய் வந்தால் நர்சம்மாவுக்கு மீன் வராமல் இருக்காது. நர்சம்மா எங்களுக்கும் ஒரு பங்கு கொடுப்பார். அந்த மீனை நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம்.

அப்பா ஏன் அதைச் சொல்லவில்லை என்று வெகுகாலம் யோசித்திருக்கிறேன். அவருக்கு அந்த மனிதர் மேல் பகை கிடையாது. யாராவது ஒருவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் தெரு பழையபடி ஆகிவிடும் என்று உள்ளுக்குள் தோன்றியிருக்கலாம். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் அம்மாவும் அதற்கு மேல் பேசவில்லை, நானும் பேசவில்லை. தெருவில் விசாரித்தபோது எல்லோரும் அந்தக் கத்தலையே சொன்னார்கள். வாத்தியாரே சொல்லிவிட்டார் என்பது அவர்களுக்குத் தைரியமாக இருந்தது.

அன்று மத்தியானமே அவரைப் பிடித்துப் போனார்கள். கொலை நடந்த ராத்திரி அவர் புன்னைக்காயலில் அக்காள் வீட்டில் இருந்தார், கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்கினார் என்று அந்த ஊர்ப் பங்குச் சாமியாரும் ஆட்களும் வந்து சொல்லும்வரை ஸ்டேஷனில்தான் கிடந்தார். விட்டுவிட்டார்கள். ஆனால் கன்னத்தில் அறைந்த அறையில் காது போய்விட்டது. காது போனவன் ஆழத்தில் முங்க முடியாது. மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கியவர், உப்பளத்தில் மூட்டை சுமக்கப் போனார்.

கொன்றவன் யார் என்பது கடைசிவரை தெரியவேயில்லை. கொஞ்ச நாளில் போலீஸும் வருவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் தெரு பழையபடி ஆகவில்லை. ஜன்னல்களுக்குக் கம்பி போட்டார்கள். கதவைத் தட்டினால் பெயர் சொல்லும்வரை திறப்பதில்லை. தனியாக இருந்த கிழவிகளை மகன்மார் வந்து கூட்டிப்போனார்கள். மருத்துவச்சிகள் ராத்திரியில் கூப்பிட்ட வீட்டுக்கு வர மறுத்தார்கள். மதில் வழியாக எதையும் கொடுத்து வாங்குகிற பழக்கம் நின்றுபோனது. ஒருவரை ஒருவர் பார்க்கும்போது சிரிப்புக்கு முன்னால் ஒரு சின்ன யோசனை வந்தது. அந்த யோசனையைச் சுமக்க முடியாமல்தானோ என்னவோ, எல்லோரும் சேர்ந்து அதைச் சங்குகுளிக்காரர் தலையிலேயே மறுபடி இறக்கி வைத்தார்கள். “ஆளு தப்பிச்சிட்டாம்லா” என்று கடையில் சாதாரணமாகச் சொல்லுவார்கள். அப்பா பக்கத்தில் நின்றால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்.

அப்பாவுக்கு அந்த வருடம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் என்னைப் பார்த்து, “கடற்கரை வரைக்கும் வாரியா?” என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. மீன் ஏலம் நடக்கிற இடத்தில், உப்பள வேலை முடிந்து வந்த அந்த மனிதர் கருவாட்டுக் கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். நடக்கப் பழகியிருந்த மகள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் ஆட்கள்.

அப்பா கிட்டப் போய், குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார். “உம்ம பேர போலீஸ்ல சொன்னது நான்தான். நீரு வந்து மன்னிப்புக் கேட்டது எனக்குத் தெரியும். அத நான் சொல்லல.”

அந்த மனிதர் அப்பாவின் முகத்தையே பார்த்தார். “காது கேக்காது சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் அப்பாவிடம் படித்தவர், “சார், இங்கன எங்க?” என்று வேட்டி மடிப்பை இறக்கிவிட்டார். அப்பாவின் உதடு அசைந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் அவருடையது.

“சௌக்கியமான்னு கேட்டேன்” என்று சத்தமாகச் சொன்னார்.

“இருக்கேன் சார்” என்றார் அந்த மனிதர். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூடையிடம் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அப்பா எனக்கு முன்னால் நடந்தார். அவர் முகத்தை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்குத் தெரிந்தது. நானும் எட்டிப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

அப்பா இறந்தது பல வருடங்கள் கழித்து. பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பந்தலில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். முற்பகலில் தலை முழுக்க நரைத்த ஒருவர் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். அந்தச் சங்குகுளிக்காரர்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஓடிப்போய், அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அன்றைக்கு அப்பா சொல்ல வந்ததை உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “மெதுவாவே சொல்லும்மா. போனது மத்தக் காது. இது நல்லாக் கேக்கும். அன்னைக்கும் கேட்டுச்சு.”

“பொறவு ஏன்...”

“எனக்குத் தெரிஞ்சு என்ன ஆவப்போவுது? அங்கன நின்னவங்களுக்குக் கேக்கட்டுமேன்னுதான். சார் சொன்னா ஊரு நம்பும்லா?” பந்தலைப் பார்த்தபடியே சொன்னார். “பிள்ளய இந்த ஊருல ஒருத்தனும் கட்ட வரல. தூரத்துலதான் குடுத்தேன்.”

உள்ளே வந்து அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் மறுகோடிக்கு நகர்ந்தார்கள். மரியாதைக்கு இடம் விடுவது போலத்தான் இருந்தது. ஆனால் நடுவில் இரண்டு பேர் உட்காரலாம்.

நான் அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு, அப்பா இன்ஸ்பெக்டரிடம் சொன்னது எது, சொல்லாமல் விட்டது எது என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். ஒன்றும் விடாமல் முழுதும் சொன்னேன். எங்கள் தெருவில் மிஞ்சியிருந்த பெரியவர் ஒருவர், அன்றைக்கு அந்தக் கத்தலைப் போலீஸிடம் சொன்னவர்களில் அவரும் ஒருவர், எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

“செத்த வீட்டுல இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு?” என்றார் கனிவாக.