ஆபரேட்டரம்மா எடுத்த ஏழு நாள் லீவு

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தொன்பது வருடமாகத் தொலைபேசி ஆபரேட்டராக இருக்கிறாள் அவள். அங்கே எல்லோருக்கும் அவள் ஆபரேட்டரம்மா. பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்தது கிடையாது. குரலைத் தெரியும், அவ்வளவுதான். அவள் உட்காரும் அறை தரைக்குக் கீழே, மருந்துக் கிடங்குக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, விளக்குகள் மினுங்கும் பலகை, தலையில் மாட்டும் ஹெட்செட், பக்கத்தில் ஒரு மைக்.

எந்த வார்டிலாவது யாருக்காவது இதயம் நின்றுபோனால் நர்ஸ் முதலில் அவளுக்குத்தான் போன் அடிப்பாள். அவள் மைக்கை அழுத்தி, "நீலம், நாலாவது மாடி, ஆண்கள் வார்டு" என்று மூன்று தடவை சொல்வாள். கட்டடம் முழுக்கக் கேட்கும். டாக்டர்கள் ஓடுவார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கு நீலம் என்றால் என்னவென்று தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ஆகவே குரலிலும் எதுவும் தெரியக்கூடாது. பஸ் நிலையத்தில் வண்டி எண் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும். அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. சொல்லி முடிப்பதற்குள் அடுத்த விளக்கு எரியும். அவள் அடுத்த அழைப்புக்குப் போய்விடுவாள்.

நான்கு நாட்களுக்கு மேல் அவள் லீவு போட்டதே இல்லை. ஆபரேட்டரம்மாவுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் ஆனதைச் சாக்காக வைத்து, கொழுந்தனின் மனைவி, அழகு நிலையம் நடத்தும் ஓர்ப்படிதான் கப்பல் பயணத்துக்கு நான்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். ஏழு நாள். பதினான்கு தளம். நாலாயிரம் பயணிகள்.

"அக்கா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா வந்து உக்காந்தா போதும்" என்றாள் ஓர்ப்படி.

அந்தச் சும்மா உட்காருவதுதான் அவளால் முடியாத காரியம்.

அவர்களுக்குக் கிடைத்தது கப்பலின் உள்பக்கத்து அறை. கட்டில், கண்ணாடி, கதவைத் திறந்தால் இடிக்கிற அலமாரி. ஜன்னல் இல்லை. "சம்பளத்துக்கும் ஜன்னல் இல்ல, லீவுக்கும் ஜன்னல் இல்ல" என்றாள். கணவர் சிரித்துக்கொண்டே கட்டிலில் விழுந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். யார் வண்டியில் ஏறினாலும் தன் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். கப்பலில்தான் முதல்முறையாக அந்தக் கால் ஓய்ந்தது. கொழுந்தன் கப்பல் அசைந்ததும் வாந்தி எடுத்துப் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. ஓர்ப்படியோ காலையில் கதவுக்கு அடியில் போடுகிற நிகழ்ச்சி அட்டவணையைப் பேனாவால் கோடு போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, கணவரை மறந்து சுற்றினாள்.

ஆபரேட்டரம்மாவுக்கு முதல் நாளே இருப்புக்கொள்ளவில்லை. கரை மறைந்ததும் கைப்பேசியில் சிக்னல் போனது. பலகையில் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் புதுப் பெண் 'கண் பிரிவு'க்கும் 'பெண்கள் பிரிவு'க்கும் எப்போதும் குழம்புவாள். அவளை யார் திருத்துவார்கள்? சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு வரிசையில் நின்றால் பின்னாலிருப்பவரின் தட்டு முதுகில் இடித்தது. லிஃப்டுக்கு நின்றால் மூன்று முறை நிரம்பி வந்து நிரம்பியே போனது. நீச்சல் குளத்தில் தண்ணீரைவிட ஆட்கள் அதிகம். எங்கே போனாலும் பாட்டு. அவள் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு நடந்துகொண்டே இருந்தாள்.

அறையில் ஒரு போன் இருந்தது. பூஜ்யத்தை அழுத்தினால் கப்பலின் ஆபரேட்டர். முதல் நாள் சோப்பு கேட்டாள். உண்மையில் இரண்டாவது மணியில் எடுக்கிறார்களா என்று பார்க்கத்தான் அடித்தாள். எடுத்தார்கள். சின்னப் பெண்ணின் குரல், தெளிவாக இருந்தது. மறுநாள் தலையணை கேட்டாள். மூன்றாம் நாள் அந்தக் குரலே முந்திக்கொண்டது.

"ஆறு இருநூத்திப் பதினாலா? நேத்து தலையணை, இன்னைக்கு என்னம்மா வேணும்?"

"மணி என்னன்னு கேக்கலாம்னு..."

"நீங்களும் போன் ஆபரேட்டரா?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நான் பேசி முடிச்சு ஒரு நொடி விட்டுத்தான் நீங்க ஆரம்பிக்கிறீங்க. நம்ம வேலையில இருக்கறவங்கதான் அப்படிப் பேசுவாங்க."

நம்ம வேலை என்று அந்தப் பெண் சொன்னது அவளுக்கு இனித்தது. அரைமணி நேரம் அறையிலேயே இருந்தாள்.

அன்று பிற்பகல் குளத்தருகே ஒரு சண்டை. மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் நான்கு சாய்வு நாற்காலிகளில் துண்டு விரித்து இடம் பிடித்திருந்தார். ஓர்ப்படிக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது.

"ரெண்டு பேருக்கு நாலு நாற்காலியா? கப்பல் உங்க வீட்டுதா?"

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. ஒரு துண்டை எடுத்துவிட்டு ஆபரேட்டரம்மாவைப் பார்த்து, "நீங்க உக்காருங்கம்மா. மூணு நாளா பாக்குறேன், கப்பல்ல நடந்துக்கிட்டே இருக்கற ஒரே ஆள் நீங்கதான்" என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி சிரித்தாள். ஆபரேட்டரம்மா மரியாதைக்கு உட்கார்ந்து, இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டாள்.

நான்காம் நாள் முழுக்கக் கடல்தான். காலையில் கணவர் பதினோராவது தளத்தின் பின்பக்கத்துக்கு டேபிள் டென்னிஸ் விளையாடப் போனார். ஓர்ப்படி அவளை ஐந்தாவது தளத்தில் கைக்குட்டை மடிக்கிற வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்பது பெண்கள் துணியில் அன்னம் செய்ய முயன்றுகொண்டிருந்தபோது பாட்டு நின்றது. கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் அந்தச் சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

"முத்து, முத்து, முத்து. பதினோராம் தளம், பின்பக்கம், வலது."

"நகைக்கடையில தள்ளுபடி போல. வாங்கக்கா போலாம்" என்றாள் ஓர்ப்படி.

ஆபரேட்டரம்மா பாதி மடித்த துணியைக் கீழே வைத்தாள். அந்தக் குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. சோப்புக்கும் தலையணைக்கும் பேசும்போது இருந்த சிரிப்பு சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. அப்படித் துடைக்க எவ்வளவு பாடு என்று இந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"அது நகைக்கடை இல்ல. யாருக்கோ உயிர் போகுது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பதினோராம் தளம், பின்பக்கம். அவர் அங்கேதான் போனார்.

லிஃப்டுக்கு முன் கூட்டம். படிக்கட்டில் ஏறினாள். ஏழாவது தளத்தில் முழங்கால் கெஞ்சியது. ஒன்பதாவது தளத்தில் நின்றுபோனாள். லிஃப்ட் வாசலில் வெள்ளை உடுப்பில் ஒரு டாக்டரும் இரண்டு நர்ஸ்களும் ஸ்ட்ரெச்சரோடும் பெட்டியோடும் நின்றுகொண்டிருந்தார்கள். பணியாளர்களுக்கான லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம். இறங்கி இங்கே ஓடி வந்திருக்கிறார்கள். இந்த லிஃப்ட் திறந்திருந்தது. உள்ளே ஈரக் காலோடு பதினைந்து பேர், கையில் ஐஸ்க்ரீம். நர்ஸ் கெஞ்சினாள். ஒவ்வொருவரும் அடுத்தவர் இறங்கட்டும் என்று நின்றார்கள். ஒரு ஆள், "நாங்களும் இருபது நிமிஷம் நின்னுதான் ஏறினோம்" என்றார்.

அவள் மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டாள்.

"தயவுசெய்து கவனிக்கவும். இந்த லிஃப்ட் இப்போது இயங்காது. உள்ளே இருப்பவர்கள் அனைவரும் இடதுபுறமாக இறங்கவும்."

கத்தவில்லை. மைக்கில் சொல்வது போலவே சொன்னாள். பதினைந்து பேரும் இடதுபுறமாக இறங்கினார்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது, கதவு மூடியது. இறங்கியவர்களில் ஒருவர் அவளிடம், "எப்பம்மா சரியாகும்?" என்று கேட்டார். அவள் மறுபடி படியேறிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் தளத்தில் வட்டமாக ஆட்கள். கால்களுக்கு நடுவே முதலில் தெரிந்தது அவள் கணவரின் கட்டம் போட்ட சட்டை, தரையோடு தரையாக. இரண்டு பேரை விலக்கிவிட்டுப் பார்த்தாள். அவர் படுத்திருக்கவில்லை, மண்டியிட்டிருந்தார். இரண்டு கையையும் கோர்த்து இன்னொருவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். "இருபத்தி மூணு, இருபத்தி நாலு" என்று எண்ணினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கீழே கிடந்தவருக்குப் பக்கத்தில் மஞ்சள் தொப்பி.

டிரைவிங் ஸ்கூல் லைசென்ஸைப் புதுப்பிக்க முதலுதவி வகுப்புக்குப் போக வேண்டும். வருடாவருடம் அவர் சலித்துக்கொண்டே போவார். "ரப்பர் பொம்மைய ரெண்டு மணி நேரம் அமுக்க வச்சான்" என்று வந்து சொல்வார். அவளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்ட டாக்டர் கைமாற்றிக்கொண்டார். நெஞ்சில் மின்அதிர்ச்சி இயந்திரம் வைத்தார்கள். ஒரு முறை, இன்னொரு முறை. பிறகு எல்லோரும் அவசரமாகத் தூக்கினார்கள். அந்த மனிதரின் மனைவி இரண்டு பழச்சாறு டம்ளர்களோடு அப்படியே நின்றாள். டம்ளர்கள் சாய்ந்து சாறு மணிக்கட்டில் வழிந்தது. ஆபரேட்டரம்மா போய் டம்ளர்களை வாங்கி வைத்தாள்.

"பொழைச்சிடுவாராங்க?"

இந்தக் கேள்வி போனில் அவள் காதில் ஆயிரம் தடவை விழுந்திருக்கும். "டாக்டர் வந்து பேசுவாரும்மா, லைன்ல இருங்க" என்பது பதில். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரில் ஒரு முகம் இருந்ததால் சொல்ல முடியவில்லை. "வாங்க, கூடப் போலாம்" என்றாள்.

கப்பலின் ஆஸ்பத்திரி இரண்டாவது தளத்தில் இருந்தது. மூடிய கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார, இவள் முன்னும் பின்னும் நடந்தாள். மணிக்கணக்கில். அந்த அம்மாள் ஏதேதோ பேசினாள்.

"எங்க போனாலும் நாலு சீட்டு புடிப்பாரு. ரெண்டு பேருக்கு எதுக்குங்கன்னா, யாராச்சும் வந்தா உக்காரட்டுமேன்னுவாரு. சண்டை வாங்கிட்டே இருப்பாரு." பிறகு, "நீங்க எங்க வேலை பாக்குறீங்க?" என்றாள். இவள் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். பேச்சுக்குப் பேச்சு அந்தக் கதவைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் நர்ஸ் வந்து அந்த அம்மாளை மட்டும் உள்ளே அழைத்தாள். கதவு மூடியது. இவள் அறைக்கு வந்து பூஜ்யத்தை அழுத்தினாள்.

"முத்து என்ன ஆச்சு?"

"அது நான் சொல்லக்கூடாதும்மா. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

இருவரும் போனை வைக்கவில்லை. பிறகு அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு, ரெண்டாவது தளம், இடது பக்கக் கதவைத் திறப்பாங்க. அட்டவணையில இல்லாத துறைமுகம். இவ்ளோதான் என்னால முடியும்."

கணவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மாலை முழுக்க ஆட்கள் அவருக்குக் கை கொடுத்திருந்தார்கள். ஓர்ப்படி கப்பல் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலும்பு முறியற சத்தம் கேட்டுச்சு. என் கைக்கு அடியில" என்றார். "பொம்மையில அந்தச் சத்தம் வராது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ நீலம்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் இதுதான் நடக்குமா?"

"தெரியலைங்க" என்றாள். அது உண்மை.

காலையில் இருவரும் ஐந்தாவது தளத்துக் கைப்பிடியோரம் நின்று கீழே பார்த்தார்கள். கரையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. போர்வை கழுத்து வரை இருந்தது, முகத்தை மூடியிருக்கவில்லை. அவள் கணவர் கைப்பிடியை இறுகப் பிடித்தார். ஸ்ட்ரெச்சர் சரிவில் குலுங்கியபோது போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, நெஞ்சுப் பட்டையைத் தளர்த்தச் சொல்லி நர்ஸிடம் ஏதோ வாதாடியது. அந்த அம்மாள் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். மேலே பார்க்கவில்லை. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைத் துடைத்தார்.

மீதி நாட்கள் அவருக்குத்தான் கால் தரிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நடந்தார். கூட்டத்தில் யாராவது இருமினால் திரும்பினார். கட்டிலில் படுத்திருக்கும்போது அவர் வலது கால் மறுபடியும் பிரேக்கை மிதித்தது. இப்போது அவரைப் பிடித்து உட்கார வைப்பது அவள் வேலையாயிற்று. ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். ஓர்ப்படி கூடக் கூப்பிடவில்லை.

ஊருக்குத் திரும்பி ஆறு வாரம் ஆனபின் ஒரு காலை நேரம், பரபரப்பான வேளையில் ஒரு விளக்கு எரிந்தது. எடுத்தாள்.

"அங்க போன் எடுக்கற அம்மா, கப்பல்ல வந்தவங்க... நீங்கதானா? குரல் தெரியுது."

மஞ்சள் தொப்பிக்காரரின் மனைவி. அவர் வீட்டுக்கு வந்துவிட்டாராம். மூன்று விலா எலும்பு முறிந்திருக்கிறது. இருமினால் வலிக்கிறதென்று, அமுக்கிய மனிதரைத் தினமும் திட்டுகிறாராம். அந்த மனிதரின் நம்பர் கேட்டு வாங்கச் சொன்னவரும் அவரே. ஆபரேட்டரம்மா சிரித்தாள். அதற்குப் பிறகு என்னென்ன மாத்திரை, என்ன சாப்பிடுகிறார், மாடி ஏறுகிறாரா என்று கேட்டுக்கொண்டே போனாள். பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் மினுங்கின. பக்கத்துப் புதுப் பெண் திகைத்துப்போய் இரண்டு கையாலும் அழைப்புகளை எடுத்துப் போட்டாள்.

பதினோரு நிமிடம். மேலாளர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். இருபத்தொன்பது வருடத்தில் அவளுக்கு வந்த முதல் கடிதம் அது. என்ன எழுதுவதென்று வீட்டில் கணவரைக் கேட்டாள்.

"எலும்பு மூணுதானாமா?" என்றார் அவர். "நான் அஞ்சுன்னு நெனைச்சேன்." அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

அவள் ஒரே வரி எழுதிக் கொடுத்தாள்: 'தெரிந்தவர் பேசினார்.' மேலாளர் அதைப் படித்துவிட்டு நேரில் விசாரிக்கக் கீழே இறங்கி வந்தார். அந்த அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. உட்கார இன்னொரு நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே முழுக் கதையையும் கேட்டார்.