கேக்கில் முளைத்த இரண்டு பற்கள்

ஒரு படத்தை ஒரு ஃபார்மேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, அதில் இல்லாத ஒன்று உள்ளே வந்துவிடுமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. பேய், சகுனம் எதையும் நம்பாதவள் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்றும் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

மகன் கவினுக்கு முதல் பிறந்தநாள் நெருங்கியும் ஒரு பல்கூட முளைக்கவில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும், தாராவியில் எங்கள் சந்தில் எந்தக் குழந்தை சிரித்தாலும் நான் வாயைத்தான் பார்ப்பேன். சத்து போதவில்லையோ, என் பாலில்தான் குறையோ என்று ஓயாத யோசனை.

கேக்கின் மேல் அவன் சிரிக்கும் படத்தை அச்சடிக்க செம்பூரில் ஒரு கடையில் சொல்லியிருந்தோம். என் போன் படங்களை ஹெச்.இ.ஐ.சி. என்ற ஃபார்மேட்டில் எடுக்கும். கடைக்காரர், "பாபி, யே நஹி சலேகா", இது ஆகாது என்று திருப்பிவிட்டார். அவருடைய பழைய கம்ப்யூட்டருக்கு பி.எம்.பி.தான் வேண்டுமாம். மதியம் கவின் தூங்கும்போது லேப்டாப்பில் மாற்றித் திறந்து பார்த்தேன்.

கீழ் ஈறில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். பெரிதாக்கினால், நம்பினால் நம்புங்கள், இரண்டு பற்கள், இடது பல் வலது பல்லின் மேல் லேசாகச் சாய்ந்துகொண்டு. பழைய படத்தைத் திறந்தேன், வெறும் ஈறு. மறுபடி மாற்றினேன், மறுபடியும் பற்கள். ஆபீசிலிருந்த கணவரைக் கூப்பிட்டால், "பிக்சல் உடைஞ்சிருக்கும், அனுப்பிரு" என்றார். இல்லாத பல்லைக் காட்டி ஊரை ஏமாற்றுகிறோமோ என்று உறுத்தியது. ஆனால் கடைக்காரர் அவசரப்படுத்தினார், அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மாலை கேக்கைத் திறந்ததும் மாமியார் விடவில்லை. "ஏ பிள்ள, புள்ளைக்குப் பல்லு எப்பம் வந்துச்சு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

அன்று காலையில்கூட விரலால் தடவிப் பார்த்திருந்தேன், ஒன்றுமில்லை. பேச்சை மாற்ற ஸ்பூனில் கொஞ்சம் க்ரீம் எடுத்துக் கவின் வாயில் வைத்தேன்.

டிக்.

ஸ்பூன் எதிலோ தட்டியது. இன்னொரு முறை வைத்தேன். டிக். மாமியார் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து விரலை உள்ளே விட்டார். "யாத்தீ, ரெண்டு இருக்கு! கடிக்கான் பாரு!"

"அத்தே, மேலயா கீழயா, மொதல்ல அதச் சொல்லுங்க!" என்று என் தம்பி கத்தினான். மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்களே, அந்தப் பயம்.

"கீழதாம்ய்யா!"

"அப்பம் நான் பொழச்சேன்!" என்று கவினைத் தூக்கி ஆட ஆரம்பித்துவிட்டான். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு நாளும் இருந்ததில்லை.

ஈறுக்குள் ஏற்கெனவே இருந்த பல் வெளிச்சத்தில் தெரிந்திருக்கும் என்கிறார் கணவர். இருக்கலாம். ஆனால் சில வாரங்களில் பற்கள் முழுதாக வளர்ந்தபோது, இடது பல் வலது பல்லின் மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. படத்தில் இருந்த அதே சாய்வு.

அதற்குப் பிறகு அவன் படம் எதையும் நான் மாற்றியதில்லை. இப்போது அவனுக்கு மூன்று வயது. ஸ்கூல் அட்மிஷனுக்கு ஜேபெக் ஃபார்மேட்டில் போட்டோ கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமை கடைசி நாள். அழகாகச் சிரிக்கும் படம் ஒன்று தயாராக இருக்கிறது. மாற்றினால் இந்த முறை அதில் என்ன வந்து நிற்குமோ என்று மூன்று நாளாக லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். மாற்றிவிட்டு, திறந்து பார்க்காமலே அனுப்பிவிடலாமா? நீங்களாக இருந்தால் பார்ப்பீர்களா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.