டிரெய்லரின் மூக்கு

இணையத்தில் நான் போட்ட விளம்பரத்தைப் படித்துவிட்டு என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பழைய ராணுவ ஜீப் டிரெய்லர், முழுக்கப் புதுப்பித்தது, சேறு மணல் மலைப்பாதை எதிலும் போகும், புது டயர், புது தார்ப்பாய் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் "ஒரே குறை: ஆக்சில் கோணல். என் மச்சான் செய்த வேலை" என்று சேர்த்திருந்தேன்.

"விக்கறதுக்குப் போட்டீங்களா, என் தம்பி மானத்த வாங்கறதுக்குப் போட்டீங்களா?" என்றாள்.

மச்சானை மட்டும் எடுத்துவிட்டேன். கோணலை எடுக்கவில்லை. குறையைச் சொல்லித்தான் விற்பேன், நான் ஒன்றும் ஏமாற்றுக்காரன் இல்லை என்று வீராப்பு பேசினேன். பேசும்போதே உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் எனக்கு அந்த ஆசை வந்தது. லாஸ்பேட்டை வீட்டில் பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தேன். அதன் பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டி, பாத்திரம், அரிசி, தண்ணீர் கேன், கூடாரம் எல்லாவற்றையும் ஏற்றி, இரண்டு குடும்பமும் சேர்ந்து ஜவ்வாது மலைப் பக்கம் போக வேண்டும் என்று ஆசை. ஏலத்தில் கழித்துக் கட்டிய ராணுவ டிரெய்லர் ஒன்றை, பேப்பரோடு, காயலான் கடையிலிருந்து மச்சான்தான் பிடித்துக் கொடுத்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான். அதிகம் பேச மாட்டான். நான்கு மாதம் என் வீட்டு வாசலிலேயே இருவரும் வேலை பார்த்தோம். துருவைச் சுரண்டியது, பெயின்ட் அடித்தது, யோசனை சொன்னது நான். மற்றதெல்லாம் அவன்.

முதல் பயணத்திலேயே எல்லாம் கெட்டது. ஜீப் போகிற தடத்தில் டிரெய்லர் வரவில்லை. கொஞ்சம் இடதுபுறம் ஒதுங்கியே வந்தது. தார் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. செஞ்சி தாண்டி ஒரு ஏரிக்கரை மண்பாதையில் இறங்கினோம். ஜீப் அகலத்துக்குத்தான் அங்கே வழி. டிரெய்லரின் இடது சக்கரம் கரையை விட்டு இறங்கி, அப்படியே சாய்ந்தது. அரிசி கொட்டிப் போனது. குண்டான் உருண்டு ஏரிக்குள் போய் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை.

ஆனால் நான் சும்மா இருந்தேனா? பட்டறை வைத்திருக்கிறவனுக்கு இரண்டு சக்கரத்தை இணைக்கிற ஒரு ஆக்சிலை நேராக வைக்கத் தெரியவில்லையே, இவனை நம்பி யார் வேலை கொடுக்கிறார்கள் என்று கத்தினேன். அவன் மனைவி இருந்தாள், காலேஜ் படிக்கிற இரண்டு மகன்களும் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே கத்தினேன். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கிக் குண்டானை எடுத்து வந்தான். திரும்பி வந்து ஜீப்பையும் டிரெய்லரையும் எங்கள் வாசலில் நிறுத்தியவன், தண்ணீர் கூடக் குடிக்காமல் போனான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போவாள். அங்கே தம்பியைத் தற்செயலாகப் பார்த்ததாகச் சொல்வாள். ஒவ்வொரு ஞாயிறும் தற்செயல்தான். அவன் பொறுக்கித் தந்த சங்கராவைக் குழம்பு வைப்பாள். யார் பொறுக்கியது என்று கேட்காமல் நானும் சாப்பிடுவேன். ஒருநாள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அத வித்துத் தொலைங்க. அது வாசல்ல நிக்கற வரைக்கும் அவன் இந்த வாசல மிதிக்க மாட்டான்."

அப்படித்தான் விளம்பரம் போட்டேன்.

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். இருவரிடமும் ஆக்சில் கோணலை விளக்கி, அதைச் செய்தது யார், அவன் எங்கே பட்டறை வைத்திருக்கிறான் என்பது வரைக்கும் சொன்னேன். இருவரும் போன் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாக வந்தவர் பிள்ளைச்சாவடி மீன்காரர், நாற்பது வயது இருக்கும். அவர்கள் ஊரில் கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. படகு நிற்கிற இடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் கல்லும் மணலும்தான். வலையையும் எஞ்சினையும் ஆள் வைத்துச் சுமந்து மாளவில்லை, இப்படி ஒரு வண்டி இருந்தால் தன் ஜீப்பிலேயே இழுத்துக்கொள்ளலாம் என்றார். நான் வழக்கமான கதையை ஆரம்பித்தேன். அவர் பாதிதான் கேட்டார். இடுப்பிலிருந்து வலை பின்னுகிற நைலான் நூல் கண்டை எடுத்தார்.

டிரெய்லருக்கு முன்னால், ஜீப்பின் கொக்கியில் மாட்டுவதற்காக, கனத்த இரும்புச் சட்டம் ஒன்று நீண்டிருக்கும். நாங்கள் அதை மூக்கு என்போம். நூலின் ஒரு முனையை மூக்கின் நுனியில் என்னைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை இடது சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். அதே நூலை வலது சக்கரத்துக்குக் கொண்டுபோனார். முடிச்சு இரண்டு விரல் தள்ளி நின்றது. படகு கட்டும்போது இப்படித்தான் பார்ப்பார்களாம்.

"நான்தான் சொன்னேனே, ஆக்சில் கோணல்" என்றேன்.

அவர் பின்பக்கம் போய், சக்கரத்திலிருந்து பெட்டியின் மூலைக்கு நூல் பிடித்தார். இடதும் வலதும் ஒரே அளவு. இன்னொரு முறை பிடித்தார். ஒரே அளவுதான்.

"ஆக்சில் நேராத்தாங்க இருக்குது. மூக்குதான் தள்ளி ஒக்காந்திருக்குது."

ஒரு பக்கம் தண்ணீர் கேன் தாங்கி, மறுபக்கம் டூல் பெட்டி என்று முன்பக்கம் அடைந்து கிடந்ததால் அது கண்ணுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அவர் அடியில் படுத்து, நான் அடித்த பச்சை பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டினார்.

"இங்க ஒருத்தரு புள்ளி வச்சிருக்காரு பாருங்க. இதான் நடு."

நானும் குனிந்து பார்த்தேன். மூக்கின் விளிம்பை ஒட்டி, இரும்பில் உளி முனையால் குத்திய சின்னப் பள்ளம். பார்த்ததும் மூக்கை வெல்டிங் செய்த அந்த வெள்ளிக்கிழமை முழுசாக ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அன்றைக்குப் பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் மூக்கில் முதல் பொட்டு வெல்டிங்காவது விழுந்தாக வேண்டும் என்று காலையிலிருந்து மச்சானைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவன் அளந்து, புள்ளி குத்தி, மூக்கைப் புள்ளிக்கு நேராக என்னைப் பிடிக்கச் சொன்னான். நான் பிடித்துக்கொண்டே கூடத்துக் கடிகாரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இரண்டு நிமிடம்தான் இருந்தது. வை, வை என்று கத்தினேன். வைத்தான். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தவன், மூக்கு நகர்ந்துவிட்டது, தட்டி எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம் என்றான். அதற்குள் மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. நல்ல நேரத்தில் வைத்ததை ராகு காலத்தில் உடைப்பதா? ரெண்டு விரல் என்னடா பண்ணிடும், விடு என்றேன். மத்தியானமும் ஒருமுறை கேட்டான். நல்ல நேரத்தில் வைத்ததை எப்போதும் உடைக்கக் கூடாது என்று அதட்டினேன். புள்ளியின் மேல் பெயின்ட் அடித்தவனும் நான்தான்.

இதை நான் எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்கிறோம் என்று தெரிந்து நான் அவனைத் திட்டவில்லை. மெய்யாகவே அவன் செய்ததாகத்தான் நம்பியிருந்தேன். அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

மீன்காரர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். வண்டி பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றார். மூக்கை வெட்டி நடுவில் வைத்துக் கொடுக்க வேண்டும், அதையும் அந்தப் புள்ளி வைத்த ஆளே செய்ய வேண்டும் என்றார்.

"கண்ணு சுத்தமான ஆளுங்க அவரு. யாருங்க?"

இரண்டு வருடமாக வாய் ஓயாமல் சொன்ன பதில்தான். "என் மச்சான்" என்றேன்.

போன் செய்தேன், அவன் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போனேன். உள்ளே மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் சபலம் தட்டியது. திட்டும்போது தனியாகக் கூப்பிட்டேனா என்ன?

"ஆக்சில் நேராதான் இருக்குது மச்சான். மூக்க நகத்தினது நான். தப்பு என்னுது" என்றேன், மிஷின் சத்தத்துக்கு மேலே.

அவன் மிஷினை நிறுத்தினான். "தெரியும் மாமா."

"அப்ப அன்னிக்கு ஏரிக்கரையில ஏன்டா சொல்லல?"

"வைக்கறப்பவே சொன்னேனே மாமா. நீங்க மணியப் பாத்துகினு இருந்தீங்க."

மீன்காரர் கேட்டதைச் சொன்னேன். கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு மேல்தான் கை ஒழியும், பரவாயில்லையா என்று கேட்டான். கேட்கும்போது முகத்தில் சிரிப்பே இல்லை. எப்போது வேண்டுமானாலும் வா என்றேன்.

வந்தான். சுத்தமான ராகு காலத்தில் மூக்கை அறுத்து, நூல் பிடித்து, தன் பழைய புள்ளிக்கு நேராக வைத்தான். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை தலையைத் திருப்பவில்லை. மத்தியானம் மீன்காரரின் ஜீப் டிரெய்லரை இழுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் நேராகப் போனது. என் மனைவி உள்ளேயிருந்து தம்பியைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே அழுதாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

செருப்பை மாட்டும்போது அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"என் பசங்ககிட்ட ஒரு வார்த்த நீங்களே சொல்லிடுங்க மாமா. நான் சொன்னா சமாளிக்கிறேன்னு நெனச்சுக்குவானுங்க."

அவன் எங்கள் வாசலை மிதிப்பானா என்பதுதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது. தன் வீட்டுக்குள்ளேயே இரண்டு வருடம் அவன் எந்த முகத்தோடு நடமாடினான் என்று நான் ஒருநாள் கூட நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் காலேஜிலிருந்து வருகிற நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனேன். பெரியவன்தான் கதவைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் அப்பா இல்லை என்றான்.

"உங்கப்பாவப் பாக்க வரல. உன் தம்பியயும் கூப்புடு" என்றேன்.