வழிப்போக்கனுக்கு வைத்த தட்டு

டிசம்பர் பிறந்து சில நாட்கள் ஆகியிருக்கும். எங்கள் கட்டடத்து மாடிப்படி ஜன்னலில் கீழ்வீட்டு மதாம் ஒதீல் மூன்று சின்னத் தட்டுகளை வரிசையாக வைத்து, ஈரப் பஞ்சைப் பரப்பி, அதன்மேல் கோதுமை மணிகளைத் தூவிக்கொண்டிருந்தார். படியேறிக்கொண்டிருந்த நான் நின்றுவிட்டேன். தென் பிரான்சின் ஒரு சிற்றூரில், குளிரில் மூக்கு சிவந்துபோன ஓர் அம்மாள் முளைப்பாரி போடுவதைப் பார்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. நோயேலுக்காக என்றார். நோயேல் என்றால் கிறிஸ்துமஸ். பயிர் பச்சையாக நிமிர்ந்து நின்றால் வரும் வருடம் நல்ல வருடமாம். "நிமிராவிட்டால்?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். பத்து நாளில் மூன்றாவது தட்டு மட்டும் வெளுத்து, சாய்ந்து, அடியில் கறுத்து நாற ஆரம்பித்தது. காரைக்கால் பக்கம் எங்கள் ஊரான பூவத்தில் முளைப்பாரி வெளுத்தால் பெண்கள் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். மதாமும் திறக்கவில்லை. தட்டை மட்டும் காணோம்.

நான் இங்கே முதுகலை படிக்க வந்தவன். காரைக்காலில் படித்த பிரெஞ்சு விமான நிலையம் வரை தாங்கியது. மிச்சத்தை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். செலவுக்காக ஊர் எல்லையில் உள்ள பெரிய வணிக வளாகத்தில் பரிசுப் பெட்டி சுற்றித் தரும் வேலை. நவம்பரிலேயே வளாகத்தின் நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மரம் எழுந்துவிடும். அதன் காலடியில் சிவப்பும் தங்கமுமாக மலை போல் பெட்டிகள் குவிந்திருக்கும். அத்தனையும் என் கையால் சுற்றியவை. ஒன்றிலும் ஒன்றுமில்லை. உள்ளே காற்றை வைத்து மூடி, ரிப்பன் கட்டி, அழகாக முடிச்சுப் போடுவேன். பிள்ளைகள் வந்து ஆசையோடு அவற்றைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் நான் குனிந்து அடுத்த பெட்டிக்கு ரிப்பன் வெட்டுவேன்.

காற்றைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், இந்தப் பண்டிகை எங்கிருந்துதான் வந்தது என்று நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் விட மாட்டேன். படித்ததையெல்லாம் யாரிடமாவது கொட்டியாக வேண்டும். மாட்டிக்கொண்டவன் ஹாஜா. காரைக்கால் டவுன்காரன், என் அறைத்தோழன். வாப்பா வளைகுடாவில் கடை வைத்திருக்க, இவன் இங்கே வேனில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

"டேய் ஹாஜா, பைபிள்ல தேதியே இல்ல தெரியுமா? முதல் கிறிஸ்தவங்க பிறந்தநாளே கொண்டாடலடா."

"ஆரம்பிச்சிட்டான்யா. சோத்தப் போட்டுட்டுப் பேசு மாப்ள."

"பகல் நீள ஆரம்பிக்கிற சமயத்துல ரோம்காரன் சூரியனுக்கு விழா எடுத்தான். அது மேலதான் இத வச்சாங்கன்னு ஒரு கட்சி. அப்படியெல்லாம் இல்லன்னு இன்னொரு கட்சி."

"எங்க குர்ஆன்ல, மர்யம் அம்மா பேரீச்ச மரத்தடியிலதான் ஈஸா நபியப் பெத்தாங்க. மரத்தப் புடிச்சு ஆட்டுனா பழம் உதிருது. டிசம்பர்ல எந்த மரம்டா உதிர்க்குது?"

"அப்ப எந்த மாசம்ங்கற?"

"எனக்கென்ன தெரியும்? எனக்கு கிறிஸ்மஸ்ன்னா முதுகு வலி."

சிரித்தோம். ஆனால் படிக்கப் படிக்க என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கதையின் இருண்ட பாதிதான். பிரசவ வலியோடு வந்த பெண்ணுக்குச் சத்திரத்தில் இடமில்லை. பிறந்த பிள்ளையைத் தேடி ஓர் அரசன் வாள் அனுப்புகிறான். ஊரிலுள்ள ஆண் குழந்தைகளெல்லாம் வெட்டுப்படுகின்றன. இரவோடிரவாக மூன்று பேர் எல்லை தாண்டி வேற்று நாட்டுக்கு ஓடுகிறார்கள். கடவுள் வீடில்லாதவனாக வந்து கதவைத் தட்டுகிறார், திறப்பது உன் பாடு என்பதுதான் இதன் பொருள் என்று எனக்குப் பட்டது. கடைக்காரர்கள் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு வாளை விட்டுவிட்டார்கள். அச்சத்தைக் கழித்துவிட்டு மகிழ்ச்சியை மட்டும் விற்க முடியுமா என்ன? கழித்த அச்சம் எங்காவது போய் ஒதுங்கத்தானே செய்யும்?

எங்கள் பக்கத்துக் கிறிஸ்துமஸை நினைத்துக்கொள்வேன். காரைக்காலில் படித்தபோது மாதா கோயில் குடிலைப் பார்க்க எல்லாச் சாதியும் எல்லா மதமும் போகும். பேக்கரி வாசலில் கேக் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஜவுளிக்கடை இப்போது அங்கேயும் 'கிறிஸ்துமஸ் ஆஃபர்' என்று பலகை கட்டுகிறதாம். வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கும். எங்கள் வீட்டில் மட்டும் அந்த நட்சத்திரங்களை அம்மா ஏறிட்டும் பார்க்க மாட்டாள். அவற்றை இறக்குவதற்குள்தான் அந்த வருடம் கடல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எனக்கு நான்கு வயது. குமார் மாமா, அம்மாவின் தம்பி, பூவத்திலிருந்து சைக்கிளில் கடற்கரைக் கோட்டுச்சேரிமேட்டுக்கு மீன் வாங்கப் போனார். சைக்கிள் கிடைத்தது. மாமா கிடைக்கவில்லை. காரியம் பண்ணிவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். அம்மா ஒரு வருடம் படையல் போட மறுத்தாள். "சோறு வச்சா செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். எங் கையால சொல்ல மாட்டேன்" என்பாள். அடுத்த வருடம் அதே தேதியில்தான், யாரும் சொல்லாமலேயே, இலை அறுத்து வந்தாள். இன்றுவரை திதி பார்ப்பதில்லை, அந்தத் தேதிதான்.

இந்த டிசம்பரிலும் அம்மா போனில் அதே பேச்சுதான்.

"லீவு விட்டாச்சா? எங்கயும் போவாத. கடல் பக்கம் போயிடாத."

"கடல் ரொம்ப தூரம்மா இங்கேருந்து."

"கோட்டுச்சேரிமேடு மட்டும் என்ன வாசல்லயா இருந்திச்சு? அந்தத் தேதி தாண்டட்டும், அப்புறம் எங்க வேணாலும் சுத்து."

இருபத்து நான்காம் தேதி மாலை மதாம் ஒதீல் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கணவர் இறந்து தனியாக இருப்பவர். அன்று விடியும் முன்பே மிஸ்த்ரால் கிளம்பிவிட்டது. வடக்கிலிருந்து இறங்கும் இந்தக் காற்று நம் புயலைப் போல மழையோடு வராது. வானத்தைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, வெயிலடிக்கும்போதே மரத்தை முறிக்கும். ஹாஜா வேன் சாவியை எடுத்தபோது நான் தடுத்துப் பார்த்தேன்.

"இந்தக் காத்துல போவணுமாடா?"

"இன்னிக்கிக் குடுக்கலைன்னா அந்தப் புள்ளைங்களுக்கு கிறிஸ்மஸ் தாத்தா பொய்யாப் போயிடுவாராம். ஆபீஸ்ல அழுவாத குறையாச் சொல்றான். ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவேன் மாப்ள."

ஏழு ஆகி எட்டும் ஆயிற்று. நான் கீழே போனேன். மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வெள்ளை விரிப்புகள். இறைச்சி இல்லாத விருந்து: உப்பிட்டு ஊறவைத்த மீன், கீரைத் தண்டு, கொண்டைக்கடலை, ஓரமாக அத்தி, பாதாம், உலர்ந்த திராட்சை. மீனைத் தவிர மற்றதெல்லாம் நம் விரத நாள் சாப்பாடு போலவே இருந்ததில் மனம் கொஞ்சம் லேசாயிற்று. அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் இரண்டு பேர். தட்டுகள் மூன்று. மூன்றாவது நாற்காலிக்கு நேர் மேலே சுவரில் மதாமின் கணவர் ரொபேரின் படம்.

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அல்லது தேவையில்லை என்று நினைத்துவிட்டேன். மதாம் ரொட்டி எடுக்க உள்ளே போயிருந்தார். இறந்தவருக்கு வைக்கும் முன் இருப்பவர் கை நனைப்பது நம் பக்கம் வழக்கமில்லையே. நான் எழுந்து அந்தத் தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்தேன். முள் இல்லாத துண்டாகப் பார்த்து மீனை வைத்தேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையில் எடுத்துத் தட்டைச் சுற்றி மூன்று முறை விட்டு, கைகூப்பினேன். திரும்பினால் மதாம் ரொட்டியோடு சமையலறை வாசலில் நிற்கிறார். முகம் மலர்ந்திருக்கிறது. தெருக்கதவுப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்.

"வந்துவிட்டானா உன் நண்பன்?"

"நண்பனா? இல்லை மதாம். இது முசியேவுக்கு" என்று படத்தைக் காட்டினேன்.

"ரொபேருக்கா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரொபேர் செத்து எத்தனை வருடமாகிறது! அவனுக்கு எதற்குத் தட்டு? இது வழியில் இருப்பவனுக்கு. இந்த இரவில் யாரும் கதவைத் தட்டலாம் அல்லவா? ஒவ்வொரு வருடமும் வைப்பேன், ஒருவரும் வருவதில்லை. இந்த முறை அந்தப் பார்சல் பையனை நினைத்துத்தான் வைத்தேன்."

காற்று ஜன்னல் பலகையைப் பிடித்து அறைந்தது. நான் கூப்பிய கையைப் பிரிக்க மறந்து நின்றேன். ஹாஜாவின் தட்டு. என் அம்மா ஒரு வருடம் செய்ய மறுத்ததை, ரோட்டில் இருக்கும் ஒருவனுக்கு, ஒரு நிமிடத்தில், தண்ணீர் சுற்றி முடித்திருக்கிறேன்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மதாமிடம் இதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மரணம் இருந்தது, படையல் இல்லை. "என்ன பையா, ஏன் வெளுத்துப்போய்விட்டாய்?" என்றார். "குளிர்" என்றேன். படித்தவன்தான். ரோமாபுரிச் சூரியன் வரை தெரிந்தவன்தான். பரிமாறிய சோற்றை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. ஊரில் காக்கை எடுக்கும். இங்கே இருட்டில் எந்தக் காக்கை? குப்பையில் போடக் கை வரவில்லை. கடைசியில் என் நாற்காலியை விட்டு எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உயிரோடிருப்பவன் தின்றால் அது வெறும் சோறுதானே? ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிடுவது என்று ஆரம்பித்தேன். மீன் உப்பாகக் கரித்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஒருமுறை போனைப் பார்த்தேன். எதிரே மதாம், பசி போலிருக்கிறது என்று நினைத்து, தட்டில் இன்னும் வைத்துக்கொண்டே இருந்தார். தட்டு தீரவே இல்லை.

கதவு தட்டப்பட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. மதாம்தான் திறந்தார். பேன்ட் முழங்காலில் கிழிந்து, நெற்றியில் ரத்தம் காய்ந்து, ஹாஜா நின்றான்.

"வேனத் தூக்கிக் கம்பி வேலியில போட்டுடுச்சு மாப்ள காத்து. போன் பார்சலுக்குள்ள பூந்துடுச்சு, அடிக்குது, எடுக்க முடியல. ரோடெல்லாம் பொம்மை. நானும் ஒரு போலீஸ்காரனும் பொறுக்குறோம் பொறுக்குறோம்..." பேசிக்கொண்டே வந்தவன் என் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தான். மதாம் கையைக் காட்டி, அது அவனுக்கு வைத்தது என்று விளக்கினார்.

"அடப்பாவி, எனக்கு வச்ச சோத்தையாடா தின்ன?"

"ஆமாண்டா" என்றேன். அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து என் தட்டில் சாப்பிட்டான். அவன் விழுங்குவதைக் கடைசி வாய் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலமே வந்த பரிசுகளை ஆட்கள் போனில் படம் பிடித்து இணையத்தில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் காலை, நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரியோடு ஹாஜா வேறொரு வேனுக்குத் தயாரானான். கொடுத்த பார்சல்களையே திரும்ப வாங்கி வர வேண்டும். அந்த நேரம் அம்மாவிடமிருந்து வீடியோ கால். பூவத்தில் உச்சிவேளை. மாமாவுக்குப் படையல்.

"தெரியுதா பிரபா? இரு, போன சாச்சி வச்சிட்டுப் பரிமாறுறேன். நீயும் கும்புட்டுக்க."

போனை எதிலோ சாய்த்து வைத்தாள். எனக்கு நேர் எதிரே தலைவாழை இலை. திரையின் ஓரத்தில் ஒரு சட்டத்தின் விளிம்பும் மல்லிகைச் சரத்தின் நுனியும் தெரிந்தன. மாமாவின் படத்துக்குப் பக்கத்தில், அதே சுவரில் என்னைச் சாய்த்திருக்கிறாள். அம்மா என்னைப் பார்த்துக் குனிந்து சோறு வைத்தாள். வறுத்த மீன் வைத்தாள். "குமாரு, வந்து சாப்புட்டுப் போடா" என்றாள். தண்ணீர் சுற்றும்போது இரண்டு சொட்டு போன் கேமராவில் தெறித்து என் பார்வை மங்கியது. அம்மா என்று கூப்பிட வாயெடுத்தேன்; அவள் கண்ணை மூடியிருந்தாள். பிறகு எழுந்தாள். படைத்துவிட்டால் கொஞ்ச நேரம் அறையைச் சாத்திவிடுவது எங்கள் வழக்கம். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும்; இருப்பவர்கள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. அம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். என்னை எடுத்துக்கொள்ளவில்லை.

அறை இருட்டாகி, விளக்கு மட்டும் தெரிந்தது. சோற்றிலிருந்து ஆவி என் பக்கமாக எழுந்து வந்தது. இங்கே வாசலில் ஹாஜா, "மாப்ள, கெளம்புறேன், கதவப் போட்டுக்க" என்றான். அவனுக்குப் பதில் சொன்னால் அங்கே அந்த அறையில் என் குரல் கேட்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.